பத்திரத்தை எரித்தவர்கள்: காலனிய இந்தியாவில் வட்டிக்கடனும் உழவர் கலகமும்

1875 மே 12. பூனா மாவட்டத்தின் பீம்தடி தாலுகாவில் இருக்கும் சூபாவுக்கு அன்று சந்தை நாள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த குடியானவர்கள் மார்வாடி, குஜராத்தி லேவாதேவிக்காரர்களின் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்தார்கள். தானியம் சூறைபோனது. கூட்டம் விடாமல் கேட்டது கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும். கிடைத்த தாள்களைத் தீயில் போட்டார்கள். ஒரு நாள் கழிவதற்குள் பதினான்கு மைல் தள்ளியிருந்த இன்னோர் ஊரில் ஒரு மார்வாடியின் வைக்கோற்போரும் வீடும் எரிந்தன. அடுத்த சில வாரங்களில் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இதே கதை. பத்திரத்தை எடுத்துக் கொடுத்தவரைக் கூட்டம் பெரும்பாலும் தொடவில்லை. மறுத்தவர் அடிபட்டார். ஓர் ஊரில் கால் முறிந்து, எரியும் வீட்டுக்குள் சாக இருந்த ஒரு மார்வாடியை ஊர்க்காரர்களே வெளியே தூக்கிவந்து காப்பாற்றினார்கள். கைதானவர்கள் 951 பேர். இத்தனை ஆத்திரத்திலும் பெருங்குற்றம் அரிதாகவே நடந்தது என்பதை அரசாங்க அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

தக்காணக் கலகம் என்று பாடநூல்களில் இடம்பிடித்துவிட்ட இந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு நீண்ட விவாதம் கிளைத்தது. உழவனை அழித்தது லேவாதேவிக்காரரா? அல்லது உழவனை அழித்த ஏதோ ஒன்றின் முகமாக அவர் மட்டும்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாரா? இந்தக் கேள்வி 1855இன் சந்தால் எழுச்சிக்கும், 1857இன் பெரும் எழுச்சிக்கும், 1930இல் வங்காளத்தின் கிஷோர்கஞ்சில் நடந்த கலகத்துக்கும் பொருந்தும். ஒன்றரை நூற்றாண்டாக அதிகாரிகளும் தேசியவாதிகளும் பொருளாதார அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் இதற்கு விடை சொல்லிவருகிறார்கள். விடைகள் பல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சான்றின் முன் தடுமாறுகிறது.

அறிக்கை சொன்ன காரணம்

முதல் விடை அரசாங்கத்தினுடையது. 1875இல் அமைக்கப்பட்ட தக்காணக் கலக ஆணையம் அடுத்த ஆண்டு அறிக்கை அளித்தது. அது எடுத்துக்காட்டிய கணக்கு அதன்பின் எல்லா நூல்களிலும் வந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் நிலம் வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கடனாளிகள். அவர்களுடைய கடன் சராசரியாக ஆண்டுத் தீர்வையைப்போல் பதினெட்டு மடங்கு. கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நில அடமானத்தின் மேல் நின்றது. நூறு ரூபாய்க் கடனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வட்டி ஏறியிருந்த வழக்கும் அதன்முன் வந்தது.

அந்த வட்டி எப்படி ஏறியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், விவாதத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. 1859இல் வந்த காலவரையறைச் சட்டம், கடன் பத்திரம் மூன்று ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்றது. வட்டி நெடுங்காலம் குவியாமல் தடுப்பது அதன் நோக்கம். நடந்தது தலைகீழ். கெடு முடிவதற்குள் லேவாதேவிக்காரர் உழவரை அழைத்துப் புதுப் பத்திரம் எழுதச் சொன்னார். பழைய வட்டி புதுப் பத்திரத்தில் அசலாயிற்று. பேச்சுக்கு, நூறு ரூபாய்க் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு முடிவில் 172 ரூபாய்க்குப் பத்திரம். ஆறாம் ஆண்டில் 295ஐத் தாண்டும். ஒன்பதாம் ஆண்டில் 508. வட்டி எக்காலத்திலும் அசலை மிஞ்சக்கூடாது என்பது அந்தப் பகுதியில் தாம்துபட் என்ற பெயரில் வழங்கிய பழைய நெறி. அதன்படி நூறு ரூபாய்க் கடன் இருநூறைத் தாண்ட முடியாது. பத்திரத்தை மாற்றி எழுதியதும் அந்த நெறி செத்துவிட்டது, ஏனென்றால் புதுத் தாளில் வட்டி என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. படிக்கத் தெரியாதவர் ரேகை வைத்தார். நீதிமன்றம் தாளில் இருப்பதை மட்டும் பார்த்து டிக்ரி எனப்படும் தீர்ப்பாணையைக் கொடுத்தது.

ஆணையத்தின் பெரும்பான்மைக் கருத்து இதிலிருந்து கிளம்புகிறது: மண் ஏழை, மழை பொய்க்கும், உழவர் விவரமறியாதவர், மார்வாடி பேராசைக்காரர், சட்டம் அறியாமல் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. நிலத்தீர்வை இதில் சிறு பங்கே. இந்தக் கடைசிக் கூற்றுதான் இந்த விடையின் பலவீனமான கணு. அரசாங்கம் தன்னைத் தானே விசாரித்து எழுதிய அறிக்கை அது. உறுப்பினர்களில் ஒருவரான ஆக்லண்ட் கால்வினே தனிக் குறிப்பெழுதித் தீர்வை உயர்வைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

வட்டியா, வரியா

தேசியவாதிகளுடைய இரண்டாவது விடை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. பூனா சார்வஜனிக் சபை கலகத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1873இல், தீர்வைச் சுமையை விசாரித்து எழுதியிருந்தது. உழவரிடமிருந்தே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையில் 1830களில் இந்தாபூரில் விதித்த தீர்வையின் முப்பது ஆண்டுக் கெடு முடிந்து, 1867இல் மறு நிர்ணயம் தொடங்கியது. பருத்தி விலை உச்சத்தில் இருந்த காலத்தின் கணக்கை வைத்துத் தீர்வை கூட்டப்பட்டது. சில ஊர்களில் அது இருமடங்கையும் கடந்தது. அதற்குள், பருத்தி விலையை ஏற்றியிருந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து விலை சரிந்துவிட்டது. ரயில்பாதை வேலையில் கிடைத்த கூலியும் வற்றிவிட்டது. 1900இல் கர்சன் பிரபுவுக்கு ரொமேஷ் சந்திர தத் எழுதிய பகிரங்கக் கடிதங்கள் இந்த வாதத்தை நாடு முழுமைக்கும் விரித்தன. தவணை தவறினால் நிலம் போகும் என்பதால்தான் உழவர் லேவாதேவிக்காரரிடம் போகிறார். ஆகவே வட்டியின் வேர் வரியில் இருக்கிறது.

இந்த வாதத்தில் உண்மை நிறைய உண்டு. தீர்வை பணமாக, குறித்த நாளில் கேட்கப்பட்டது. விளைச்சலோ குறித்த நாளில் வராது. இந்த இடைவெளியில்தான் லேவாதேவிக்காரர் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் வரியை மட்டும் வைத்துக் கலகத்தின் வரைபடத்தைப் போட்டுவிட முடியாது. தீர்வை கூடிய எல்லாத் தாலுகாக்களிலும் கலகம் வரவில்லை. மறு நிர்ணயம் அப்போது எட்டாத ஊர்களிலும் வந்தது. பருத்தியின் கதையையும் அளவோடு சொல்வது நல்லது. பூனா, அகமதுநகரின் வறண்ட ஊர்கள் முதன்மையாகச் சோளமும் கம்பும் விளைவித்தவை. பருத்தி ஏற்றம் அங்கே எட்டியது விலைவாசியாகவும் கூலியாகவும் தாராளக் கடனாகவும்தான்.

தேசியவாதிகளுக்கு வெளியே வேறொரு குரலும் எழுந்தது. ஜோதிராவ் புலே 1883இல் எழுதிய ‘உழவனின் சாட்டை’ என்ற நூல், வெள்ளை அதிகாரியையும் வட்டிக்காரரையும் மட்டும் சாடவில்லை. இருவருக்கும் நடுவே கச்சேரியில் உட்கார்ந்து தாளை எழுதியும் படித்தும் காட்டிய பிராமண எழுத்தர்களைச் சாடியது. எழுதத் தெரிந்தவருக்கும் ரேகை வைத்தவருக்கும் இடையிலான பிளவைப் புலே அளவுக்குக் கூர்ந்து பார்த்தவர் அன்று வேறு யாருமில்லை என்றே நினைக்கிறேன். பின்னாளில் ஆய்வாளர்கள் நெடுந்தூரம் சுற்றி வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் முன்பே வந்திருந்தார்.

கடன் கூடினால் கலகம் வருமா

முதல் இரண்டு விடைகளும் ஒன்றில் உடன்படுகின்றன: கடன் பாரம் தாங்க முடியாமல் போனபோது உழவர் எழுந்தார். இந்த அனுமானத்தையே இருபதாம் நூற்றாண்டு அசைத்துப் பார்த்தது.

மால்கம் டார்லிங் 1925இல் வெளியிட்ட பஞ்சாப் உழவர் பற்றிய நூல், கடன் வறுமையிலிருந்து மட்டும் வருவதல்ல என்று காட்டியது. நிலத்துக்கு விலை ஏறினால் அதை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கும் திறனும் ஏறுகிறது. வாய்க்கால் பாசனம் பெற்றுச் செழித்த இடங்களிலும் கடன் பெருகியது. அப்படியானால் கடனின் அளவைத் துன்பத்தின் அளவுகோலாக எடுப்பது சரியாகாது.

1857 பற்றிய விவாதம் இன்னும் கூர்மையானது. அந்த ஆண்டின் கிராமப்புற எழுச்சியை வரலாற்றாசிரியர் எஸ்.பி. சௌதுரி ஏலத்தில் நிலம் பிடித்த மகாஜன்கள் எனப்பட்ட லேவாதேவிக்காரர்கள் மீதான உழவர் கோபமாக விளக்கினார். சஹாரன்பூர் போன்ற மாவட்டங்களில் மகாஜன்களின் வீடுகளும் பத்திரங்களும் அழிக்கப்பட்டது உண்மையும்கூட. எரிக் ஸ்டோக்ஸ் பர்கானா எனப்பட்ட வருவாய் வட்டம் வாரியாக நிலக் கைமாற்றக் கணக்கைக் கலகத்தின் தீவிரத்தோடு ஒப்பிட்டார். மகாஜன்களின் பிடி இறுகியிருந்த இடங்களில்தான் கலகம் மூண்டது என்று அந்த ஒப்பீடு காட்டவில்லை. அவர்களுடைய பிடி தளர்ந்திருந்த, வறண்ட, குலக்கட்டு உடையாத பகுதிகளில் வன்முறை கடுமையாக இருந்தது. நிலம் இழந்தவரை விட, இழந்துவிடுவோமோ என்று அஞ்சியவர் எழுந்தார் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். அப்படிச் சொல்வதற்கும் நேரடிச் சான்று குறைவு.

நீல் சார்ல்ஸ்வர்த் 1972இல் இந்த ஐயத்தைத் தக்காணத்துக்குக் கொண்டுவந்தார். 1875இன் கலகமே மிகைப்படுத்தப்பட்ட கட்டுக்கதை என்ற அளவுக்கு அவர் போனார். பாதிக்கப்பட்ட ஊர்கள் சில, நாட்கள் சில, உயிர்ச்சேதம் அநேகமாக இல்லை. பூனாவுக்கு அருகே நடந்ததாலும், சட்டமியற்ற விரும்பிய அதிகாரிகளுக்கு வசதியாக இருந்ததாலும் அது பெரிதாகிவிட்டது. அளவைப் பொறுத்தவரை அவர் சொல்வதை மறுப்பது கடினம். ஆனால் சிறிய கலகம் என்பதால் அதன் கேள்வி சிறியதாகிவிடாது. முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் மக்கள், ஒருவருக்கொருவர் கட்டளை இடாமலே, எல்லா இடத்திலும் அதே தாளைத் தேடியது ஏன் என்பதற்கு அவருடைய கட்டுரையில் விடை இல்லை.

ஊர்க்கட்டுப்பாடு

ரவீந்தர் குமார், இயன் கட்டனாக் போன்ற வரலாற்றாசிரியர்கள் கேள்வியை ஊருக்குள் திருப்பினார்கள். சூபாவுக்கு ஐந்து மாதம் முன்பு, 1874 டிசம்பரில், சிரூர் தாலுகாவின் கர்டே கிராமத்தில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். காலூராம் என்ற மார்வாடி, பாபாசாகேப் தேஷ்முக் என்பவர்மீது டிக்ரி பெற்று வீட்டையும் நிலத்தையும் தானே எடுத்துக்கொண்டார். தேஷ்முக் சாதாரணக் குடியானவர் அல்லர். அந்த வட்டாரத்தின் பெரிய குடும்பங்களோடு உறவுடையவர். கடனைக் கட்டாதவரை வீட்டைவிட்டு இறக்கியதோடு நிற்காமல் காலூராம் அந்தப் பழைய வீட்டையே இடித்தார். ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது ஊர்க்கட்டுப்பாடு. மார்வாடிகளின் நிலத்தை உழ ஆள் இல்லை. தண்ணீர் சுமக்க ஆள் இல்லை. முடிதிருத்துபவர் வர மறுத்தார், வீட்டு வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள். அவர்கள் வாசலில் குப்பையும் செத்த நாயும் விழுந்தன. அக்கம்பக்க ஊர்கள் இதைப் பார்த்துத் தாங்களும் எழுத்து மூலமாகவே உடன்படிக்கை செய்துகொண்டன. எந்தத் தொழில் செய்பவர் எந்த உதவியை நிறுத்த வேண்டும், கட்டுப்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்றெல்லாம் அவற்றில் வரையறுத்திருந்தார்கள். லேவாதேவிக்காரரின் தாளை எரித்த அதே ஊர்கள், தம் ஒற்றுமைக்கென்று தாமே ஒரு தாள் எழுதிவைத்திருந்தன. எழுத்தின் மீதே பகை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி இந்தச் சிறு தகவல் நம்மை நிறுத்துகிறது.

குமாரின் விளக்கம் இப்படி: மராத்தியர் ஆட்சியில் வாணி எனப்பட்ட வணிகர் ஊருக்குக் கட்டுப்பட்டிருந்தார். கடனை வசூலிக்க அவருக்கு ஊரின் சம்மதம் வேண்டும். ரயத்துவாரியும் நீதிமன்றமும் வந்தபின் அவருக்கு ஊர் தேவைப்படவில்லை, டிக்ரி போதும். பழைய சமநிலை குலைந்தது, ஊர்த்தலைமைக் குடும்பங்களான தேஷ்முக்குகளும் பாட்டீல்களும் மதிப்பிழந்தார்கள், கலகத்துக்குத் தலைமை அங்கிருந்து வந்தது. இந்த விளக்கத்தால் ஒரு முக்கியமான செய்தி பொருள் பெறுகிறது. அதே ஊர்களில் வட்டிக்குக் கொடுத்த பிராமண சாவ்கார்கள் பெரும்பாலும் தாக்கப்படவில்லை. வட்டிதான் குற்றம் என்றால் அவர்களும் குற்றவாளிகளே. அவர்கள் ஊரோடு கலந்தவர்கள். மார்வாடி வெளியூர்க்காரர், வேற்று மொழிக்காரர், சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பப் போகிறவர்.

இந்த விளக்கத்தின் ஆபத்தும் இங்கேதான். பழைய ஊர் இணக்கமாக வாழ்ந்தது என்ற சித்திரம் பெரும்பாலும் உயர்நிலையில் இருந்தவர்களின் நினைவு. தேஷ்முக்குகளில் பலரும் கடன் கொடுப்பவர்கள்தான். அவர்களுக்கு மார்வாடி போட்டியாளர். தீண்டாமைக்கு உள்ளான மகர், மாங் சாதியினர் யாரிடம் கடன்பட்டார்கள், மார்வாடி போனால் அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று இந்த வகை எழுத்து கேட்பதில்லை. கலகத்தை ஊரின் எழுச்சி என்று சொல்லும்போது ஊர் என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் அடக்கம் என்பதைத் தனியாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

தாள் என்ற அதிகாரம்

ரணஜித் குஹா 1983இல் எழுதிய நூல் விவாதத்தின் திசையையே மாற்றியது. அவர் காரணங்களின் பட்டியலை ஒதுக்கிவிட்டு, கலகக்காரர் என்ன செய்தார் என்பதைப் படித்தார். எதை உடைத்தார், எதை விட்டார், எதைத் தலைகீழாக்கினார். அவருடைய பார்வையில் உழவருக்கு ஜமீன்தார், லேவாதேவிக்காரர், அரசாங்கம் மூன்றும் தனித்தனி எதிரிகள் அல்ல. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும் ஒரே கட்டு. பத்திரம் அந்தக் கட்டின் முடிச்சு.

சந்தால் எழுச்சி இதற்கு வலுவான சான்று. 1855 ஜூன் 30 அன்று பக்நாடியில் சித்து, கானு சகோதரர்களின் அழைப்பில் ஆயிரக்கணக்கான சந்தால்கள் திரண்டார்கள். ராஜ்மகால் குன்றடியான தாமின்-இ-கோ பகுதியில் காடழித்து நிலமாக்கியவர்கள் அவர்கள். பின்னால் வந்த மகாஜன்கள் இரண்டு அளவுக் கூடைகள் வைத்திருந்தார்கள். சந்தாலிடம் வாங்கும் கூடை பெரியது. அதற்குக் கேனாராம், வாங்கும் ராமன், என்று பெயர். சந்தாலுக்கு விற்கும் கூடை சிறியது. அது பேச்சாராம், விற்கும் ராமன். வாங்கிய கடனுக்கு ஆளையே பிணை வைக்கும் காமியோதிப் பத்திரங்கள் தலைமுறை தாண்டிக் கட்டிப்போட்டன. எழுச்சியின் முதல் நாட்களில் கொல்லப்பட்டவர்களில் மகாஜன்களும் உண்டு, அவர்களுக்காகக் கைது செய்யவந்த தரோகா என்ற காவல் அதிகாரியும் உண்டு. கூடைக்காரரும் காவல்காரரும் ஒரே கை என்பதைச் சந்தால்களுக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த எழுச்சி வெள்ளையர் ஆட்சியையே எதிர்த்த போராக விரிந்தது, படையால் நசுக்கப்பட்டது, மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

சூபாவில் எரிப்பு, தாமின்-இ-கோ பகுதியில் கொலையும் போரும். இரண்டையும் ஒரே இலக்கணத்தில் வாசிக்க முடியுமா? குஹாவின்மீது வைக்கப்படும் முதன்மை ஐயம் இது. அவர் காட்டும் உழவர் உணர்வு காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்டு ஒரே முகத்தோடு நிற்கிறது. டேவிட் ஹார்டிமன் மேற்கிந்திய வணிகர்கள் பற்றிய தம் 1996 நூலில் இதைச் சற்றுச் சரிசெய்தார். வாணிக்கும் உழவருக்கும் இடையே பகை மட்டும் இருக்கவில்லை. விதைநெல்லும் திருமணச் செலவும் பஞ்சகாலச் சோறும் வாணியின் கடையிலிருந்துதான் வந்தன. அந்தச் சார்புக்கு ஒரு நியாய அளவு உண்டு, அது மீறப்படும்போது கோபம் வருகிறது. இன்னொரு முனையிலிருந்து ஜைரஸ் பனாஜி 1977இல் எழுதினார்: முன்பணம் கொடுத்து விளைச்சலை வாங்கும் லேவாதேவிக்காரர் முதலாளித்துவத்தின் ஒரு வடிவமே, பெயருக்கு நில உடைமையாளரான உழவர் உண்மையில் மறைமுகக் கூலியாள். இது கடன் உறவின் உள்ளியக்கத்தைக் கூர்மையாகக் காட்டுகிறது. கூலியாள் ஏன் கூலி உயர்வு கேட்காமல் பத்திரத்தை எரித்தார் என்ற கேள்விக்கு அதனால் விடை கிடைக்கவில்லை.

கடன் நின்ற தருணம்

எனக்கு மிகவும் நம்பத் தகுந்ததாகப் படும் விளக்கம் கடனின் சுமையைப் பற்றியதல்ல, கடனின் நிறுத்தத்தைப் பற்றியது. சுகதா போஸ் கிழக்கு வங்காளத்தைப் பற்றி 1986இல் இதை விரிவாக எழுதினார். மைமன்சிங் மாவட்டத்தின் கிஷோர்கஞ்சில் சணல் பயிரிட்ட சிறு உழவர்கள் ஆண்டுதோறும் மகாஜன்களிடம் கடன் வாங்கித்தான் அறுவடைவரை பிழைத்தார்கள். வட்டி கொடுமையானது, ஆனால் அடுத்த ஆண்டும் கடன் கிடைக்கும் என்ற உறுதி அதோடு சேர்ந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் சணல் விலை விழுந்ததும் மகாஜன்கள் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பழைய பாக்கியை மட்டும் கேட்டார்கள். 1930 ஜூலையில் கூட்டங்கள் வீடு வீடாகப் போய்ப் பத்திரங்களைக் கேட்டுக் கொளுத்தின. உழவர் பெரும்பாலும் முஸ்லிம்கள், மகாஜன்கள் பெரும்பாலும் இந்துக்கள் என்பதால் இதை மதக் கலவரம் என்று எழுதியவர்கள் உண்டு, வர்க்கப் போர் என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் போஸ் ஏற்கவில்லை. அவர் பக்கமே சான்று நிற்கிறது.

இந்தக் கண்ணோடு சூபாவுக்குத் திரும்பினால் ஓர் அரசாணை கண்ணில் படுகிறது. 1875 பிப்ரவரியில் பம்பாய் அரசாங்கம், தீர்வை பாக்கிக்கு முதலில் அசையும் பொருள்களைத்தான் ஜப்தி செய்ய வேண்டும், நிலத்தை உடனே ஏலம் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. உழவருக்குச் சலுகை. அதுவரை கடனாளியின் தீர்வையை லேவாதேவிக்காரர்களே கட்டிவந்தார்கள், தங்கள் ஈடான நிலம் ஏலத்தில் போய்விடக்கூடாதே என்று. ஏலம் இல்லை என்றானதும் அவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் கலகம். ரேச்சல் கிரான்டன், ஆனந்த் சுவாமி 1999இல் கோட்பாட்டு மொழியில் சொன்னதும் இதற்கு நெருக்கமானது. நீதிமன்றங்கள் வந்ததால் கடன் கொடுப்போர் பெருகினார்கள், போட்டி கூடியது. அதனாலேயே, கெட்ட ஆண்டில் தன் கடனாளியைத் தாங்கிப்பிடிக்க ஒருவருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று.

ஆனால் இதையும் எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவில், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து சென்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன்தான் கீழ்பர்மாவின் நெல் சாகுபடியைத் தாங்கியது. அரிசி விலை சரிந்தபோது அவர்களும் கடனை நிறுத்தினார்கள். 1930 டிசம்பரில் தாராவடியில் சாயா சான் எழுச்சி தொடங்கியது. அதன் அம்புகள் முதன்மையாகக் கிராமத் தலைவர்கள் மீதும் தலைவரி மீதும் பாய்ந்தன. இந்தியர்கள் தாக்கப்பட்ட இடங்கள் உண்டு. இருந்தும் வட்டிக்கடையே மைய இலக்கு என்று சொல்வதற்கில்லை. அந்த நேரத்தில் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நிலம் பெருமளவில் கைமாறியது எழுச்சிக்கு முன்பல்ல, பின்பு. விலை வீழ்ந்தபோதும் குறையாத வரியே உழவரின் பிழைப்பைக் குலைத்தது என்று அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் காட்டியதற்கு இந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது.

சட்டம் செய்ததும் செய்யாததும்

கலகங்கள் சட்டங்களைப் பெற்றுத் தந்தன. 1879இன் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் பூனா, அகமதுநகர், சோலாப்பூர், சதாரா மாவட்டங்களில் நடப்புக்கு வந்தது. நீதிபதி பத்திரத்துக்குப் பின்னால் போய்க் கடனின் முழு வரலாற்றையும் கேட்கலாம் என்றது, கடனுக்காகச் சிறைவைப்பதை நீக்கியது, கிராமப் பதிவாளரை ஏற்படுத்தியது. ஆனால் லேவாதேவிக்காரர்கள் அடமானப் பத்திரத்தைக் கைவிட்டுக் கிரயப் பத்திரம் எழுதி வாங்கத் தொடங்கினார்கள். பணம் தந்தால் நிலத்தைத் திருப்புவோம் என்பது வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தது. பஞ்சாபில் 1900இன் நிலக் கைமாற்றுச் சட்டம் உழவர் சாதியல்லாதார் நிலம் வாங்குவதைத் தடுத்தது. அங்கே பெரிய உழவர்களே லேவாதேவியில் இறங்கினார்கள். வங்காளத்தில் 1930களின் நடுவில் கடன் தீர்வு வாரியங்கள் வந்தன, சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது.

தீராத கேள்விகள்

ரயத்துவாரி, நீதிமன்றம், மூன்றாண்டுப் பத்திரம், பஞ்சம் எல்லாம் தமிழ் மாவட்டங்களிலும் இருந்தன. இருந்தும் தக்காண வகைக் கலகம் இங்கே நிகழவில்லை. 1895இல் சென்னை மாகாணத்துக்கு விவசாய வங்கிகள் பற்றி அறிக்கை எழுதிய ஃபிரடெரிக் நிக்கல்சன், இங்கே கடன் கொடுப்பவர் பெரும்பாலும் இன்னொரு உழவரே என்று கண்டார். சாதியாலும் உறவாலும் நில உடைமையாலும் பிணைந்திருந்தவரிடம் கடன்பட்டவர் எங்கே போய் யார் பத்திரத்தை எரிப்பார்? ஏற்கத் தக்க விளக்கம்தான். ஆனால் உள்ளூர்க்காரர் கடன் கொடுத்தால் சுரண்டல் குறையும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. எதிர்ப்பு வேறு வழிகளில், நெல் கொள்ளையாகவோ ஓடிப்போவதாகவோ கடல் கடப்பதாகவோ வெளிப்பட்டிருக்கலாம். அவற்றைக் கடன் கணக்கோடு சேர்த்துப் படிக்கும் வேலை இன்னும் முழுமையாகவில்லை.

இரண்டாவது சிக்கல் சான்றினுடையது. நம் கையில் இருப்பவை காவல்துறைக் குறிப்புகளும் ஆணையத்தின் முன் அளித்த வாக்குமூலங்களும் நீதிமன்றக் கட்டுகளும். குஹாவே காட்டியதுபோல அவை கலகத்தை அடக்கியவர்களின் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றில் பெண்கள் அநேகமாக இல்லை. அடமானத்துக்குப் போன நகை யாருடையது, தானியக் கடன் கேட்டுக் கடை வாசலில் நின்றவர் யார் என்பவை எளிதில் புலப்படுவதில்லை.

கடன் நிறுத்தப்பட்டதே எழுச்சிக்குப் பொறி என்ற கருத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எழுந்த ஊரையும் எழாத பக்கத்து ஊரையும் எடுத்து, கலகத்துக்கு முந்தைய சில ஆண்டுகளில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த மாதத்தில் நிறுத்தினார் என்று வட்டிக்கடைக் கணக்குகளை வைத்து ஒப்பிடுவது. எழாத ஊரின் கணக்குகள் சில குடும்பங்களிடமும் ஆவணக் காப்பகங்களிலும் இருக்கக்கூடும். எழுந்த ஊரின் கணக்குகளைத்தான் உழவர்கள் தெருவில் வைத்துக் கொளுத்தினார்கள்.